இரண்டாவது புள்ளி

காரியங்கள் கோணலாகத் தொடங்கியது காலை பதினொன்று நாற்பதுக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், இத்தாலிய வழக்கப்படி சிஞ்ஞோரா என்று நான் கூப்பிட்ட முதலாளியம்மாவின் வீட்டில் இஸ்திரி போடும் மேசைக்கு நேரெதிரே சுவர் மணிக்கூடு தொங்கியதுதான். போன் அடித்தது. மகளின் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். உங்கள் மகள் இன்றைக்கும் வரவில்லை, இதோடு பத்து நாள். முந்தைய ஒன்பது நாட்களுக்கும் உங்கள் கையொப்பத்தோடு லீவுக் குறிப்பு வந்திருக்கிறது. அந்தக் கையொப்பங்களைப் பற்றித் துணை அதிபர் உங்களோடு பேச விரும்புகிறார். ஒரு மணிக்கு முன் வாருங்கள்.

வருகிறேன் என்றேன். ஒன்பதில் ஒன்றுக்குக்கூட நான் கையொப்பம் வைத்தவனில்லை. மகள் ஒவ்வொரு நாளும் ஏழு இருபதுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனவள். அன்று காலையும் போனவள். அவளுடைய போனுக்கு எடுத்தேன். அணைத்து வைத்திருந்தது. திரும்ப எடுத்தேன். மூக்கில் மணம் ஏறிய பிறகுதான் இஸ்திரிப்பெட்டியின் நினைவு வந்தது. மேசைவிரிப்பில் தோணி வடிவத்தில் ஒரு பழுப்பு.

அடுத்த அறையில் வாசித்துக்கொண்டிருந்த சிஞ்ஞோரா தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மூலையிலா, நடுவிலா?"

"நடுவில், சிஞ்ஞோரா."

"அப்படியானால் கவனக்குறைவு இல்லை, பயம். கவனமில்லாதவர்கள் மூலையில்தான் சுடுவார்கள். யார் பேசியது?"

அவரைப் பற்றி எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டு கேள்விகளிலும் அடங்கிவிடும். எதைக் கண்டாலும் இது யாருடைய கை என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், எழுபத்துநான்கு படிகளுக்கு மேலே இருந்தது அவருடைய வீடு. பதினொரு வருடம் அங்கே துடைத்தேன், சமைத்தேன், இஸ்திரி போட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார். திருமணம் செய்யவில்லை. அருங்காட்சியகம் ஒன்றில் ஓவியங்களுக்குப் பட்டியல் எழுதுகிற வேலையில் முப்பது வருடம் இருந்திருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகும் பட்டியல் நிற்கவில்லை. பொருட்கள்தான் மாறின.

அவருடைய சுவர் முழுக்கப் பழைய புத்தகங்கள். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் சில கனவான்கள் கோவேறு கழுதையிலும் ரயிலிலும் இத்தாலி முழுக்க அலைந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இந்த மாதாவை வரைந்தது இன்னார், அந்தப் பளிங்குத் தேவதூதனைச் செதுக்கியது அவர் இல்லை இவர் என்று எழுதிவைத்த புத்தகங்கள். அவர்கள் வெறும் ரசிகர்கள் இல்லை. ஆளுக்காள் ஜென்மப் பகை. ஒருவர் ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் மற்றவர் அடுத்த வருடமே ஒரு புத்தகம் எழுதி அந்தப் பெயரைப் பிடுங்கிவிடுவார். சிஞ்ஞோரா அவர்களை என்னுடைய மூன்று ஆண்கள் என்பார். ஒருவர் மருத்துவம் படித்தவர், ஒருவர் ஊர்சுற்றி, மூன்றாமவர் ஜெர்மன்காரர். மூவரும் செத்து எத்தனையோ காலம். சிஞ்ஞோரா மட்டும் பென்சிலோடு உட்கார்ந்து பக்க ஓரங்களில் பதில் எழுதிக்கொண்டிருப்பார். "இல்லை." "நேரில் போய்ப் பார்த்தீரா?" "பலெர்மோவுக்கு மூன்று நாள் வந்துவிட்டு இந்தத் திமிரா?" மருத்துவம் படித்தவரோடு மட்டும் கொஞ்சம் இணக்கம். அவருடைய புத்தக ஓரத்தில் சில இடங்களில் "சரி" என்று இருக்கும், அதுவும் சின்ன எழுத்தில்.

அந்த மருத்துவரிடமிருந்துதான் காது வந்தது. ஒரு படத்தைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது என்பார் சிஞ்ஞோரா. முகத்தில் எல்லா ஓவியர்களும் கவனமாக இருப்பார்கள், அதை யாரும் நகல் எடுக்கலாம். காது மடல், நகம், கால் பெருவிரல், இவற்றை வரையும்போது ஓவியன் வேறெதையோ யோசித்துக்கொண்டிருப்பான், கை தன் பழக்கத்துக்குப் போகும். அவன் யாரென்று அங்கேதான் தெரியும்.

நான் இஸ்திரி போட, அவர் இந்தப் புத்தகங்களை உரக்க வாசிப்பார். என் இத்தாலியன் அப்படி வளர்ந்ததுதான். யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்துவிட்டு வந்த எனக்குப் பலெர்மோத் தெருக்களின் பேச்சு பிடிபடவில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கனவான்களின் பேச்சு நன்றாகப் பிடிபட்டது. பல்லாறோ சந்தையில் மீன்காரனிடம் நான் கேட்டது தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஐயா, இம்மீன் தங்கள் பட்டறையைச் சேர்ந்ததுதானோ?" அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டான். இன்றுவரைக்கும் என்னை அங்கே பேராசிரியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டில் சிஞ்ஞோராவின் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை. படுக்கை விரிப்பின் மடிப்பைப் பார்த்து அது நான் மடித்ததா, எனக்குக் காய்ச்சல் என்று மனைவி வந்த நாளில் அவள் மடித்ததா என்று சொல்வார். மாடிப்படியில் கிடந்த சிகரெட் துண்டைக் கடித்த விதத்தை வைத்து இரண்டாம் மாடி வக்கீலைப் பிடித்தார். தோடம்பழக்காரன் நகரத்தை அடுத்த சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுத்த மாண்டரின் தோடம்பழம் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்ததைத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "சியாகுல்லி இல்லை, சியாகுல்லியின் சீடர்கள்" என்றார்.

பிழையும் விடுவார். ஒருநாள் பல்லாறோவுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய தேங்காய்ச் சம்பலை வைத்தேன். ஒரு வாய் எடுத்தார், கண்ணை மூடினார். "உங்கள் மனைவி. முதிர்ந்த காலத்தியது. உங்களுடையது இன்னும் தொடக்க காலம்." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி ஒரு கிழமை அந்த முதிர்ந்த காலத்தை என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இரண்டு வருடம் முழங்கால் காரணமாக அவர் கீழே இறங்கவில்லை. அதனால் நான் அவருடைய கண்ணானேன். நெற்றியில் திருநீற்றோடு கோயில் கோயிலாகப் போய்ப் பளிங்கு மாதாக்களைப் போனில் படம் எடுத்து வருவேன். மாதாவின் காதை முக்காடு மறைத்துவிடும் என்பதால் கையில் இருக்கிற குழந்தையின் கால் பெருவிரலைத்தான் கேட்பார். நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு கோயில்காப்பாளர், மாதாவை விட்டுவிட்டுப் பெருவிரலை மட்டும் ஆறு கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உங்கள் சமயத்தில் இப்படித்தான் கும்பிடுவீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

ஒரு வருடம் பிள்ளையார் படம் போட்ட நாட்காட்டி ஒன்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "கடைசியில் காதை மதிக்கிற ஒரு ஓவியர்" என்றார். அதை வெட்டி மருத்துவரின் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஆனால் இந்த விளையாட்டில் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை எனக்குத் தெரியும். அவருடைய மருமகன், தம்பியின் மகன், ஒருமுறை ஒரு சிறிய மரப்பலகை ஓவியத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார். குடும்பத்தில் நான்கு தலைமுறையாகப் பெரிய பெயர் ஒன்றைச் சொல்லி வைத்திருந்த மாதா. அத்தை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் விற்கலாம், வீட்டை மீட்கலாம். சிஞ்ஞோரா கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். எப்போதும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தரம் துடைப்பார், அது அவருடைய வழக்கம். பார்த்தார். "சீடனின் சீடன்" என்றார். "அதுவும் திங்கட்கிழமை." மருமகன் அழுதார். நான் கோப்பி கொண்டு போனபோது அவர் போய்விட்டிருந்தார். பிறகு பல வருடம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று நான் ஒருநாள் சொன்னேன். "எதை? அது என்னுடையதா விட்டுக்கொடுக்க?" என்றார்.

என் மகளை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூட வேலைநிறுத்த நாட்களில் அவளை அங்கே கூட்டிப்போவேன். மேசைக்குக் கீழே இருந்து காது காதாக வரைவாள். சிஞ்ஞோரா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை ஒவ்வொரு வட்டத்தையும் மூடிவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறது. அவசரமே இல்லாத கை. உங்களைப்போல இல்லை" என்றார்.

என் கை எப்படியென்று அவருக்கு என் கையொப்பத்திலிருந்து தெரியும். நான் தமிழில்தான் கையொப்பம் வைப்பேன். அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பேன். குவெஸ்தூரா என்கிற போலீஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்குப் போகிற இடத்தில் அந்தப் புள்ளிகளை யாரும் பார்த்ததில்லை. சிஞ்ஞோரா என் வேலை ஒப்பந்தத்தில் முதலில் பார்த்ததே அவற்றைத்தான். ஏன் புள்ளி என்று கேட்டார். தெரியாது, என் அப்பா தபால்கந்தோரில் அப்படி வைத்தார், எங்கள் ஊரில் கந்தோர் உத்தியோகம் பார்த்த எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள் என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "இதுதான் காது!" என்றார். முதல் புள்ளியை ஒழுங்காக வைக்கிறேனாம். இரண்டாவதை வைக்கும்போது மனம் அடுத்த கவலைக்குப் போய்விடுகிறதாம், அது புள்ளியாக இல்லாமல் வாலோடு இழுபடுகிறதாம். போய்ப் பார்த்தேன். பெர்மெஸ்ஸோ, வாடகை ஒப்பந்தம், மகளின் பிறப்புப் பதிவு, எல்லாவற்றிலும் இரண்டாவது புள்ளிக்கு வால் இருந்தது.

அன்று பதினொன்று நாற்பதுக்குப் பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பயம் என்னவென்றும் சொன்னேன். மகளுக்குப் பதினெட்டு முடிய நான்கு மாதம் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளை பதினெட்டு வயதுவரை இடைவிடாமல் இங்கேயே இருந்ததென்று காட்டினால் குடியுரிமை கேட்கலாம். அதற்குப் பள்ளிக்கூடத் தாள்கள்தான் சாட்சி. பிறந்த நாள் தொடக்கம் ஒவ்வொரு தாளையும் நீலக் கோப்பு ஒன்றில் அடுக்கி வைத்திருந்தேன். இப்போது பத்து நாள் அவள் எங்கே இருந்தாள் என்று எனக்கே தெரியாது. அதற்கு மேல் கள்ளக் கையொப்பம். பள்ளிக்கூடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால்? அது போலீஸுக்குப் போனால்? பிறகு எந்தக் கந்தோர் அவளுக்குக் குடியுரிமை கொடுக்கும்?

"முதலில் அவள் எங்கே என்று கவலைப்படுங்கள். போலீஸை மத்தியானத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்றார் சிஞ்ஞோரா. மனைவிக்கு எடுத்தேன். அவள் வேறொரு வீட்டில் சமையலில் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியாதெண்டால் எனக்கு எப்பிடித் தெரியும்? காலமை தோசை திண்டுட்டுத்தானே போனவள். முகத்திலை ஒண்டும் தெரியேல்லையே" என்றாள். நான் பள்ளிக்கூடம் போறன், நீ அவளுக்கு எடுத்துக்கொண்டே இரு என்றேன். சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வரும்படி மகளின் போனுக்குச் செய்தி போட்டேன்.

திரும்பினால் சிஞ்ஞோரா தொப்பியோடு நின்றார். கைப்பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி. நான் வேண்டாம் என்றேன். "கையொப்பத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா?" என்றார்.

எழுபத்துநான்கு படிகள் இறங்க இருபத்தைந்து நிமிடம். வியா மக்வேதாவில் கார் வராது. அவர் எத்தனையோ வருடமாக ஜன்னலிலிருந்து நகரத்தின் அவமானம் என்று திட்டிவந்த, பிளாஸ்டிக் பூமாலை கட்டிய சுற்றுலா ஆட்டோ ஒன்றில்தான் அவரை ஏற்ற வேண்டியிருந்தது. பாட்டு அலறியது. தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் வரைந்திருந்த புனிதையைப் பார்த்து, "இரண்டு பேர் வரைந்திருக்கிறார்கள். காது மச்சானுடையது" என்றார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, எப்படித் தெரியும் என்று கேட்டான். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

துணை அதிபர் ஒரு மெலிந்த பெண், களைத்த முகம். கெட்டவர் இல்லை. லீவுக் குறிப்புப் புத்தகத்தை விரித்து வைத்தார். பக்கத்தில், வருடத் தொடக்கத்தில் நான் வைத்துவிட்டுப் போன மாதிரிக் கையொப்பம். ஒன்பது குறிப்பிலும் காரணம் ஒன்றே: குடும்ப அலுவல். மாதிரி கிறுக்கலாக இருக்கிறது, இவை மணியாக இருக்கின்றன, அதுதான் யோசனையாக இருக்கிறது என்றார். இந்த அம்மா யார் என்று கேட்டார்.

"இவருடைய முதலாளி" என்றார் சிஞ்ஞோரா. "அறுபது வருடமாக மற்றவர்களின் கையைப் பார்ப்பது என் தொழில். விளக்கை இந்தப் பக்கம் தள்ளுங்கள்."

அவர் கண்ணாடியோடு குனிந்தார். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தேன். ஒன்பது கையொப்பங்களுக்கும் அடியில் கோடு இருந்தது. கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. பதினெட்டுப் புள்ளிகளும் முழு வட்டம். ஒவ்வொன்றும் மூடிய பிறகே பேனா எழும்பியிருக்கிறது. என் வாழ்க்கையில் நான் அப்படி ஒரு புள்ளி வைத்ததில்லை.

சிஞ்ஞோராவின் விரல் மூன்றாவது கையொப்பத்தின் புள்ளிகளுக்குக் கீழே போய் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு கண்ணாடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். பார்த்து முடித்த பிறகு அவர் துடைத்து நான் அன்றுதான் கண்டேன்.

"ஒன்பதும் ஒரே கை" என்றார்.

"மாதிரி?" என்றார் துணை அதிபர்.

"அதுவும் இவர்தான். இந்த மேசையில் நின்றுகொண்டு, பின்னால் வரிசை நிற்க, வேலைக்குப் பிந்துகிறதே என்று வைத்தது. மற்றவை வீட்டில் உட்கார்ந்து, மகளை நினைத்துக்கொண்டு வைத்தவை. கை எப்போது கவனமாகும் என்று எனக்குத் தெரியும், அம்மா."

துணை அதிபர் என் பக்கம் திரும்பினார். "இவை உங்களுடையவைதானே?"

"ஓம்" என்றேன், தமிழில். பிறகு இத்தாலியனில் சொன்னேன்.

அன்றைய நாளுக்கும் ஒரு குறிப்பு வேண்டுமென்று புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். குடும்ப அலுவல் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். முதல் புள்ளி சரியாக விழுந்தது. இரண்டாவது பக்கத்தின் பாதிவரைக்கும் ஓடியது. துணை அதிபர் அதைப் பார்த்தார். மேலே இருந்த ஒன்பதையும் பார்த்தார்.

"அவசரம்" என்றார் சிஞ்ஞோரா.

துணை அதிபர் புத்தகத்தை மூடினார். இன்றைக்கு வீட்டில் மகளோடு கதையுங்கள், இதற்கு மேல் ஒரு நாளும் போகக் கூடாது, போனால் வருடமே போய்விடும், நான் எதையும் எழுத்தில் போடவில்லை என்றார்.

திரும்பி வரும்போது நான் நன்றி சொல்லவில்லை. உண்மையில் கோபமாக இருந்தது. உண்மையைச் சொல்வதா இல்லையா என்று முடிவெடுக்க எனக்கு ஒரு நிமிடம் வேண்டியிருந்தது, அந்த நிமிடத்தை அவர் எடுத்துக்கொண்டார். அதோடு மகளின் போன் இன்னும் அணைந்தே கிடந்தது. வீட்டை மீட்க வந்த மருமகனுக்காகச் சொல்லாத பொய்யை, என் மகளுக்காகச் சொன்னார். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதிரை போட்டு உட்கார்த்தினேன். வக்கீலின் கதிரை ஒன்று, கீழ் வீட்டுக்காரரின் கதிரை ஒன்று. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடியபடியே சொன்னார்:

"அவளிடம் சொல்லி வையுங்கள். நகல் எடுப்பவர்கள் எல்லோரும் விடுகிற பிழையைத்தான் அவளும் விட்டிருக்கிறாள். மூலத்தைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறாள்."

"சிஞ்ஞோரா."

"இரண்டாவது புள்ளிக்கு வால் வேண்டும்."

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் கைக்குட்டையைக் கொடுத்த பிறகுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். செத்த வீட்டுக்கு மருமகன் வந்தார். புத்தகங்கள் யாருக்கும் வேண்டாம், உமக்கு வேண்டுமா என்று கேட்டார். மூன்று ஆண்களும் இப்போது அல்பெர்கேரியாவில் எங்கள் குசினி அலுமாரிக்கு மேலே அரிசிப் பைகளோடு இருக்கிறார்கள். அவற்றோடு ஒரு கொப்பியும் வந்தது. அவர் தீர்ப்புச் சொன்ன எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வைத்திருந்த கொப்பி: மாதாக்கள், மாண்டரின்கள், வக்கீலின் சிகரெட், தம்பி வீட்டுப் பலகை. அந்த நாளைத் தேடி எடுத்தேன். பென்சிலில் இப்படி இருந்தது: "கையொப்பங்கள், ஒன்பது. அச்சிட்ட தாளில் மை. தந்தையுடையவை அல்ல. தந்தையின் வழிவந்தவர், பலெர்மோ. தந்தையைவிடப் பொறுமையான கை." பக்கத்தில் கேள்விக்குறி இல்லை. சந்தேகம் இருந்தால் அவர் கேள்விக்குறி போடாமல் விடமாட்டார். மேசைவிரிப்பில் சுட்ட தோணியும் அதே பக்கத்தில், என் பெயரில் பதிவாகியிருந்தது. இப்போதும் போன் அடித்தால் நான் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் தெரியாது. வீட்டுக்குள் வந்து அவரை நாற்காலியில் இருத்தினேன். அவர் புத்தகத்தை விரித்தார், பக்கத்தைப் புரட்டவில்லை. நான் சுட்ட விரிப்பை எடுத்து மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். ஒரு மணி ஐம்பது. இரண்டு மணி. மனைவி போனில், வேலையை விட்டு வரட்டா என்று கேட்டாள். எங்கே வருவாய் என்று கேட்டேன். இரண்டு பத்துக்கு மணிச்சத்தம் கேட்டது.

முதலில் மேலே ஏறி வந்தது மகளில்லை. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தட்டில் இருக்கிற மன்னார் அக்கா. கணவன் இல்லை. மூன்று கட்டடங்களின் மாடிப்படி கழுவிப் பிழைக்கிறவர். இருபது வருடமாக இத்தாலியில் இருந்தும் "புவோன்ஜோர்னோ" என்கிற காலை வணக்கத்துக்கு மேலே போனதில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுகையில் ஆஸ்பத்திரியின் பெரிய வெள்ளை உறை. அவருக்குப் பின்னால், பள்ளிக்கூடப் பையும் அவருடைய கைப்பையுமாக என் மகள். அழுதிருக்கிறாள்.

நான் கேட்கத் தொடங்கினேன். மகள் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அன்ரிக்கு மார்பிலை கட்டி. ஸ்கானுக்கும் ஊசிக்கும் காலமையிலைதான் கூப்பிடுவினம். அன்ரிக்கு டாக்டர் சொல்லுறது விளங்காது. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு மாதாவிலை சத்தியம் வாங்கினவா. "உங்களிட்டைச் சொன்னால் அம்மாட்டைப் போகும் அப்பா, அம்மாட்டைப் போனால் கோயிலுக்கும் போகும், தேவாலயத்துக்கும் போகும்." அதில் பிழையில்லை. இன்றைக்குத்தான் முடிவு சொன்னவை. வேறை இடத்துக்குப் பரவேல்லையாம், கட்டியை வெட்டினால் போதுமாம். டாக்டர் இத்தாலியனில் சொன்னதைக் கேட்ட பிறகு அதைத் தமிழில் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் வாய் வரவில்லையாம். அன்ரி செத்துப்போகப் போறன் எண்டு நினைச்சிட்டாவாம்.

சிஞ்ஞோரா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். பதினேழு வருடமாகப் பார்த்த முகம். பிறகு அவளுடைய கையைப் பார்த்தேன். அக்காவின் கைப்பைப் பட்டியை முறுக்கி முறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் விரல்கள் வெளுத்திருந்தன.

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, பிள்ளையை ஏசாதையுங்கோ. அந்த ஆஸ்பத்திரிக்குள்ளை எனக்கு வாய் இல்லை. அவள்தான் என்ரை வாய்."

சிஞ்ஞோரா என் மகளிடம், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

மகள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். காது இரண்டும் நுனிவரை சிவந்திருந்தன. சிஞ்ஞோராவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படி நிறைய இருக்கிறதாம், சிஞ்ஞோரா" என்றாள்.